முப்பது நாள் கரண்ட், நாற்பத்திரண்டு நாள் மாத்திரை

(மூன்றாமாண்டு மாணவன், மின் மற்றும் மின்னணுவியல் துறை)

புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை கொடுப்பதை நம் ஊர்ப் பக்கம் 'கரண்ட் வைக்கிறது' என்றுதான் சொல்வார்கள். "அவருக்குக் கரண்ட் வச்சிருக்கு", "கரண்ட் வச்சு முடியெல்லாம் கொட்டிருச்சு" என்று பஸ்ஸிலும் டீக்கடையிலும் நீங்களும் கேட்டிருப்பீர்கள். நாம் மூன்று வருடமாகப் படிப்பதே கரண்டைப் பற்றித்தான். ஆனால் இது என்ன கரண்ட், எத்தனை வோல்ட், ஏ.சி.யா, டி.சி.யா? நம் சிலபஸில் எங்கேயும் இதற்குப் பதில் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் போன வருடம் எங்கள் வீட்டுக்கு வந்தது. அதைத்தான் இந்த மலரில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

என் தாய்மாமாவுக்கு வயது 46. சென்ட்ரிங் வேலை பார்க்கிறவர். பலகை அடித்துக்கொண்டிருந்தபோது ஒரு நாள் வலிப்பு வந்து விழுந்தார். அதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே வலது கை சொன்னபடி கேட்கவில்லை. பேசும்போது பாதிச் சொற்கள் வாய்க்கு வராமல் நின்றன. தினமும் கையில் பிடிக்கிற சுத்தியலுக்கே பெயர் வராமல் "அதை எடு, அதை எடு" என்பார். ஊரில் சிலர் காத்துக் கருப்பு என்றார்கள். ஸ்கேன் எடுத்ததில் மூளையின் இடது பக்கத்தில் கட்டி. ஆபரேஷன் ஆயிற்று. பிறகு வந்த ரிப்போர்ட்டில் 'கிளையோபிளாஸ்டோமா, கிரேடு 4' என்று இருந்தது.

"நாலாவது ஸ்டேஜாம்" என்று வீட்டில் அழ ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிப் படிக்கிறவன் நான் ஒருவன்தான். ஆகவே காகிதமெல்லாம் என் கைக்கு வந்தது. கிரேடு வேறு, ஸ்டேஜ் வேறு. நோய் உடம்பில் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பது ஸ்டேஜ். அந்த செல்கள் எவ்வளவு முரட்டுத்தனமாக வளரக்கூடியவை என்பது கிரேடு. மூளைக் கட்டிகளை உலக சுகாதார நிறுவனம் 1 முதல் 4 வரை கிரேடு பிரித்து வைத்திருக்கிறது. மாமாவுக்கு வந்தது கடைசி கிரேடு. இது நல்ல செய்தி என்று சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டில் பயந்ததுபோல உடம்பெல்லாம் பரவிவிட்ட நோய் அல்ல. இந்தக் கட்டி மூளையை விட்டு வெளியே போவது மிகவும் அபூர்வம்.

டாக்டர் எழுதிக் கொடுத்த திட்டம் இது: திங்கள் முதல் வெள்ளி வரை வாரம் 5 நாள், 6 வாரம், ஆக மொத்தம் 30 முறை கதிர்வீச்சு. அதே 6 வாரமும், சனி ஞாயிறு உட்பட, தினமும் டெமோசோலோமைடு என்ற மாத்திரை. அதாவது முப்பது நாள் கரண்ட், நாற்பத்திரண்டு நாள் மாத்திரை. அன்று ராத்திரி வீட்டில் மூன்று பேர் மூன்று கேள்வி கேட்டார்கள்.

"ஏலே, தலையில கரண்டு வச்சா மூளை கருகிராதா?" என்றாள் ஆச்சி.

"ரெண்டையும் ஒண்ணா எதுக்குக் குடுக்காங்க? ஒண்ணு முடிஞ்சு இன்னொண்ணு குடுத்தா உடம்பு தாங்குமே?" என்றாள் அத்தை.

மாமாவின் கேள்வி சின்னது. "இதெல்லாம் செஞ்சா எத்தனை நாளு மருமவனே?"

டாக்டரிடம் கேட்டும், அந்த மெஷினைக் கவனித்துக்கொள்ளும் பிசிசிஸ்ட் அண்ணனிடம் கேட்டும், கிடைத்ததைப் படித்தும் நான் தெரிந்துகொண்ட பதில்களை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் ஆச்சியின் கேள்வி. அந்த மெஷினுக்கு லீனியர் ஆக்சிலரேட்டர் என்று பெயர். கரண்ட் உண்டு. ஆனால் அது மெஷினுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. எலக்ட்ரான்களை மைக்ரோவேவ் அலைகளால் ஒரு குழாய்க்குள் விரட்டி, ஏறக்குறைய ஒளியின் வேகத்துக்குக் கொண்டுபோய், டங்ஸ்டன் உலோகத்தில் மோத விடுகிறார்கள். அங்கே பிறப்பது எக்ஸ்ரே. கையெலும்பு முறிந்தால் எடுக்கிற எக்ஸ்ரேயின் அதே ஜாதிதான், பலம் மட்டும் பல மடங்கு அதிகம். நோயாளியின் மேல் விழுவது அதுதான். ஷாக் இல்லை, வலி இல்லை, சூடு இல்லை. மாமா முதல் நாள் வெளியே வந்து, "ஒண்ணுமே தெரியலையே, வச்சாங்களா இல்லையா?" என்று என்னிடமே கேட்டார்.

சூடு இல்லை என்பதை நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கதிர்வீச்சின் அளவு 'கிரே'. 1 கிலோ எடையில் 1 ஜூல் சக்தி இறங்கினால் அது 1 கிரே. மாமாவுக்கு ஒரு நாளைக்கு 2 கிரே. 30 நாளைக்கு 60 கிரே. அதாவது கிலோவுக்கு 60 ஜூல். 1 கிலோ தண்ணீரை 1 டிகிரி சூடாக்க ஏறக்குறைய 4,190 ஜூல் வேண்டும். ஆக, ஆறு வாரக் கதிர்வீச்சு முழுவதையும் ஒரே நேரத்தில் கொடுத்தால்கூட சூடு 1 டிகிரியில் 70-ல் ஒரு பங்குதான் ஏறும். ஒரு மடக்கு டீயின் சூடுகூட இல்லை! மூளை கருகாது என்று ஆச்சியிடம் தைரியமாகச் சொன்னேன்.

அப்படியானால் கட்டியை எது அடிக்கிறது? அந்த எக்ஸ்ரே போகிற வழியில் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்து எறிகிறது. அதனால் செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ. இழைகள் அறுந்துபோகின்றன. நல்ல செல்லின் இழையும் அறும். ஆனால் நல்ல செல் அறுந்ததை முடிந்துகொள்வதில் கெட்டிக்காரன். ஒரு ராத்திரி அவகாசம் கொடுத்தால் பெரும்பாலும் சரிசெய்துகொள்ளும். புற்று செல் அந்த வேலையில் அரைகுறை. அதனால்தான் 60 கிரேயையும் ஒரே நாளில் கொடுக்காமல் முப்பது பங்காகப் பிரிக்கிறார்கள். மாமா கூலி நாட்களை விட்டுவிட்டுத் தினமும் இரண்டு பஸ் மாறிப் போனது இந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

குறி தவறக் கூடாது என்பதற்காக முகத்துக்கு ஒரு கவசம் செய்கிறார்கள். ஓட்டை ஓட்டையான பிளாஸ்டிக் தகடு. வெந்நீரில் போட்டால் இளகும்; முகத்தில் விரித்தால் மூக்கு, நெற்றி அச்சு அப்படியே பதிந்து இறுகும். நம் ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்வதற்கு முன் ஜாபை வைஸில் இறுக்குவோமே, அது மாதிரி தலையை அந்தக் கவசத்தோடு மேஜையில் பூட்டிவிடுகிறார்கள். உள்ளே இருப்பது சில நிமிடம்தான். ஆனால் முதல் இரண்டு நாள் மாமாவுக்கு மூச்சு முட்டுவது போல இருந்ததாம். மூன்றாம் நாளிலிருந்து உள்ளே படுத்துக்கொண்டு நூறு வரைக்கும் எண்ணப் பழகிக்கொண்டார்.

இனி அத்தையின் கேள்வி. ஆபரேஷனில் கட்டியை எடுத்த பிறகும் ஏன் இவ்வளவு? வயலில் கோரை பிடுங்கியவர்களுக்கு இது உடனே புரியும். மேலே தெரிகிற புல்லைப் பிடுங்கினாலும் கிழங்கு மண்ணுக்குள் எங்கெங்கோ ஓடியிருக்கும். கிளையோபிளாஸ்டோமாவும் அப்படி, நல்ல மூளைக்குள் இழை இழையாகப் புகுந்து கிடக்கிறது. அதற்காக நல்ல மண்ணையும் சேர்த்து வெட்டி எடுக்க முடியுமா? அது பேச்சும் கையும் இருக்கிற இடம்.

கதிர்வீச்சு உதவும் என்பது பழைய செய்தி. 1978-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், ஆபரேஷனுக்குப் பிறகு கதிர்வீச்சு இல்லாதவர்கள் இருந்த காலம் நடுக்கணக்கில் 14 வாரம். கதிர்வீச்சு பெற்றவர்கள் 35 வாரம். அப்போது இருந்த ஒரு மருந்தையும் சேர்த்துப் பார்த்தார்கள். நடுக்கணக்கு நகரவில்லை. மூளைக்கு ஒரு காவல் இருக்கிறது. அங்குள்ள ரத்தக் குழாய்களின் சுவர் நெருக்கமானது. ரத்தத்தில் இருக்கிற பெரும்பாலான மருந்துகளை உள்ளே விடாது.

அந்தக் காவலைத் தாண்டுகிற மருந்துதான் டெமோசோலோமைடு. இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத்து ஆஸ்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் மால்கம் ஸ்டீவன்ஸ் குழுவினர் 1980-களில் உருவாக்கியது. மூலக்கூறு சின்னது. வயிற்றின் அமிலத்தில் கெடாது. ரத்தத்தில் கலந்ததும் தானாகவே உடைந்து வேலையைத் தொடங்கும். அது டி.என்.ஏ.வில் குவானின் என்ற எழுத்தின் மேல் ஒரு சின்ன ஒட்டு ஒட்டிவிடுகிறது. செல் இரண்டாகப் பிரியும்போது அந்த எழுத்தைத் தப்பாகப் படிக்கிறது, திருத்தப் பார்க்கிறது, திருத்தத் திருத்த இழையே அறுந்து சாகிறது.

ஆனால் செல்லிடம் இதற்கு ஒரு மாற்று உண்டு. எம்.ஜி.எம்.டி. என்ற புரதம் அந்த ஒட்டைப் பிய்த்து எடுத்துவிடும். இங்கேதான் நம் துறைக்காரர்கள் கவனிக்க வேண்டும். அந்தப் புரதம் ஒரு ஃபியூஸ் மாதிரி! ஒரு ஒட்டை எடுத்ததும் அது தீர்ந்துபோகும், மறுபடி உதவாது. செல் புதிதாக ஒன்றைச் செய்தாக வேண்டும். ஃபியூஸ் போடப் போட நாம் தினமும் போக்கிக்கொண்டே இருந்தால்? கையில் இருக்கிற ஒயர் தீர்ந்துபோகும் அல்லவா? அதற்காகத்தான் சிறிய அளவில் தினமும் மாத்திரை. ரிப்பேர் செய்ய ஆளில்லாத நேரத்தில் கதிர்வீச்சும் சேர்ந்து இழைகளை அறுக்கிறது. இரண்டையும் ஒன்றாகக் கொடுப்பதன் சூட்சுமம் இது.

முதல் சனிக்கிழமை அத்தை, "இன்னைக்கு ஆஸ்பத்திரி லீவு, மாத்திரைக்கும் லீவுதானே?" என்று டப்பாவை எடுத்து வைக்கப் போனாள். ஃபியூஸ் கதையைச் சொன்னேன். ஐந்தாவது வரை படித்த அத்தைக்கு அது நொடியில் புரிந்தது. பிறகு 42 நாளும் காலண்டரில் தானே கோடு போட்டாள்.

மருந்தையும் கதிர்வீச்சையும் சேர்த்துக் கொடுக்கும் யோசனை நம் மண்ணுக்குப் புதிதல்ல. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் தொடங்கிய அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டில், டாக்டர் சாந்தாவும் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் வாய்ப் புற்றுநோய்க்கு பிளியோமைசின் என்ற மருந்தைக் கதிர்வீச்சோடு சேர்த்துக் கொடுத்து, அந்த முடிவுகளை 1980-ல் வெளியிட்டிருக்கிறார்கள். மூளைக் கட்டிக்கு அந்தக் கதவு திறக்க மேலும் 25 வருடம் ஆயிற்று.

திறந்தது 2005-ல். ரோஜர் ஸ்டுப் என்ற சுவிட்சர்லாந்து டாக்டரின் தலைமையில் ஐரோப்பாவிலும் கனடாவிலும் 85 ஆஸ்பத்திரிகள் சேர்ந்து, 573 நோயாளிகளை இரண்டு பிரிவாக வைத்துப் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்குக் கதிர்வீச்சு மட்டும். இன்னொன்றுக்குக் கதிர்வீச்சோடு டெமோசோலோமைடு. மாமாவுக்கு எழுதிய திட்டம் அந்த ஆராய்ச்சியில் வந்த திட்டமேதான்.

இப்போது மாமாவின் கேள்வி. இதற்குப் பதில் சொல்லும்போதுதான் எனக்கு நாக்கு உலர்ந்தது. டாக்டர் அவரிடமும் அத்தையிடமும் ஏற்கெனவே பேசியிருந்தார். மாமா என்னிடம் கேட்டது, "டாக்டரு நடுக்கணக்குன்னு ஏதோ சொன்னாரே, அது என்னன்னு வெளங்குற மாதிரிச் சொல்லு" என்பதுதான். கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களுக்கு நடுக்கணக்கு 12.1 மாதம். மருந்தும் சேர்ந்தவர்களுக்கு 14.6 மாதம். இரண்டரை மாதம்தான் வித்தியாசம்! இதை மட்டும் படித்துவிட்டு, "இதுக்கா ஆறு வாரம் அலையணும்?" என்று பக்கத்தில் ஒருவர் கேட்டார்.

நடுக்கணக்கு என்பது என்ன? 61 பேர் இருக்கிற வகுப்பை மார்க் வரிசைப்படி நிறுத்தினால் 31-வதாக நிற்பவனின் மார்க். அவனுக்குப் பின்னால் 30 பேர், முன்னால் 30 பேர். முன்னால் நிற்கிறவன் எவ்வளவு தூரம் போனான் என்பதை அந்த எண் சொல்லாது. அதே ஆராய்ச்சியின் அடுத்த வரியைப் படிக்க வேண்டும். இரண்டு வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் கதிர்வீச்சு மட்டும் பெற்ற பிரிவில் 100-க்கு 10 பேர். மருந்தும் சேர்ந்த பிரிவில் 26 பேர். 2009-ல் ஐந்து வருடக் கணக்கு வந்தது: ஒரு பக்கம் 100-க்கு 2 பேர், இன்னொரு பக்கம் 10 பேர். எம்.ஜி.எம்.டி. ஃபியூஸ் செய்கிற ஜீன் யாருடைய கட்டியில் இயற்கையாகவே அணைந்து கிடக்கிறதோ, அவர்களுக்குப் பலன் இன்னும் அதிகம். இரண்டு மருத்துவமும் பெற்றவர்களில் 100-க்கு 46 பேர் இரண்டு வருடத்தைத் தாண்டினார்கள்.

இந்த எண்களைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை, அப்படியே மாமாவிடம் சொன்னேன். நோய் போய்விடும் என்று சொல்லவில்லை. பெரும்பாலும் இது திரும்ப வரும் என்று டாக்டர் சொன்னதை மறைக்கவும் இல்லை. மாமா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"அந்த 26 பேருக்கு வேற ஏதும் தனியா செஞ்சாங்களா?"

"இல்ல மாமா. உங்களுக்குக் குடுக்கிறதுதான்."

"அப்பச் சரி. நாளைக்கு மொத பஸ்ஸு எத்தனை மணிக்கு?"

அந்த ஆறு வாரத்தில் நாங்கள் கற்றுக்கொண்ட சில விஷயங்கள் யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன். மாத்திரையின் அளவை உடலின் பரப்பை வைத்துக் கணக்கிடுகிறார்கள், சதுர மீட்டருக்கு 75 மில்லிகிராம். மாமாவுக்கு 1.6 சதுர மீட்டர். ஆகவே 120 மில்லிகிராம். ஒரு 100, ஒரு 20. வெறும் வயிற்றில் முழுதாக விழுங்க வேண்டும், திறந்து கரைக்கவே கூடாது. வாந்திக்கான மாத்திரையை முன்னதாகவே போட்டுக்கொள்ள வேண்டும். வாரா வாரம் ரத்தப் பரிசோதனை உண்டு. பிளேட்லெட் ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்கினால் மாத்திரையை நிறுத்தி வைப்பார்கள். கதிர் போகிற வழியில் மட்டும் முடி கொட்டும். மூளை வீக்கத்துக்குக் கொடுக்கிற ஸ்டீராய்டு மாத்திரையால் முகம் உப்பும், பசி எடுக்கும், சர்க்கரை ஏறும். அதை நாமாகத் திடீரென்று நிறுத்தவே கூடாது. நான்காவது வாரத்திலிருந்து ஒரு களைப்பு வரும். நாள் முழுக்கத் தூக்கமாக வரும். அதைப் பார்த்து "கரண்டு ஒத்துக்கல" என்று பாதியில் நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. இடையில் நாள் விட்டுப்போனால் கட்டிக்கு வளர அவகாசம் கொடுத்தது போலாகும்.

இன்னொன்று. சிகிச்சை முடிந்து எடுக்கிற முதல் எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் கட்டி பெரிதானது போலத் தெரியலாம். சில பேருக்கு அது மருத்துவத்தினால் உண்டான வீக்கமாக இருக்கும், அடுத்த ஸ்கேனில் தானே குறையும். மாமாவுக்கு அப்படித்தான் தெரிந்தது. டாக்டர் பொறுத்திருக்கச் சொன்னார். இரண்டு மாதம் கழித்து எடுத்த படத்தில் குறைந்திருந்தது. அந்த இரண்டு மாதம் எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மெஷினுக்கான செலவு முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் போயிற்று. பஸ் காசும், கூடப் போகிறவரின் ஒரு நாள் கூலியும் எந்த அட்டையிலும் வராது. முதல் வாரம் அப்பா போனார். பிறகு நானும், பெயின்ட் வேலை செய்கிற சித்தப்பாவும், மாமாவோடு சென்ட்ரிங் அடிக்கிற அண்ணன்மார் இருவரும் முறை வைத்துக்கொண்டோம். முப்பதில் ஒரு நாளும் விடவில்லை. இப்போது மாமாவுக்கு 28 நாளைக்கு ஒரு தடவை 5 நாள் மாத்திரை. ஆறு சுற்றில் நான்கு முடிந்திருக்கிறது. சுத்தியல் என்ற சொல் திரும்ப வந்துவிட்டது. சாரம் ஏற டாக்டர் அனுமதிக்கவில்லை. கீழே நின்று அளவு சொல்கிறார். மேற்கொண்டு என்ன என்பது அடுத்தடுத்த ஸ்கேன்களில்தான் தெரியும்.

நண்பர்களே! நம்மில் பலர் வீட்டின் முதல் படிப்பாளிகள். ஆஸ்பத்திரிக் காகிதமானாலும், பேங்க் காகிதமானாலும், "தம்பி, இதை வாசிச்சுச் சொல்லு" என்று நம்மிடம்தான் வரும். அப்போது முதல் வரியோடு நிறுத்தாமல் கடைசி வரி வரைக்கும் வாசியுங்கள். தெரியாத சொல்லை டாக்டரிடமே கேளுங்கள், கேட்டால் சொல்கிறார்கள். வீட்டில் சொல்லும்போது அவர்களுக்குத் தெரிந்த கோரையையும் ஃபியூஸையும் வைத்துச் சொல்லுங்கள். உங்கள் தெருவில் யாருக்காவது முப்பது நாள் கரண்ட் என்று எழுதியிருந்தால், அதில் ஷாக் அடிக்காது என்பதை முதலில் போய்ச் சொல்லுங்கள். கூடப் போக ஆள் இல்லையென்றால், லீவு நாளில் ஒரு முறை நீங்கள் போய் வாருங்கள்.